ஒன்பதரை மணியின் சொந்தக்காரர்: ராதிகா சரத்குமார் – ஒரு நிகழ்வு ஆய்வு

2021 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சிக்கும் ‘சித்தி 2’ தொடருக்கும் ராதிகா சரத்குமார் விடை கொடுத்தார். மகிழ்ச்சியும் வருத்தமும் கலந்த மனத்தோடு விடைபெறுவதாகச் சமூக ஊடகத்தில் எழுதினார். தொடர் நிற்கவில்லை. அவர் இல்லாமலே அடுத்த ஆண்டு வரை ஓடி முடிந்தது.

சின்னத்திரையில் நடிகர்கள் விலகுவது புதிய செய்தி அல்ல. ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி போடுவார்கள். மறுநாள் வேறொருவர் வந்து அதே அண்ணியாக, அதே மாமியாராகக் கூடத்தில் உட்கார்ந்துவிடுவார். ராதிகாவின் விலகலை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. தொடரின் தயாரிப்பிலேயே அவருடைய ராடான் நிறுவனம் இருந்தது. கதையின் பெயரோ, இருபது ஆண்டுகளுக்கு முன் அவரே வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த பெயர். அப்படிப்பட்டவர் ஏன் எழுந்து போனார், போனபின் என்ன செய்தார் என்று பார்க்கும்போது, தமிழ்த் தொலைக்காட்சியில் ஒரு பெண் எதுவரை உயர முடிந்தது, எந்த இடத்தில் நிற்க வேண்டியிருந்தது என்பது தெரிகிறது. இந்த ஆய்வின் பொருள் அதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராதிகா நல்ல நடிகை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. ஆனால் அவருடைய தொழில் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது நடிப்பு மட்டும் அல்ல. இரவில் அரைமணி நேரத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட துணிச்சல்தான் அவரை மற்ற நடிகைகளிடமிருந்து பிரித்துக் காட்டியது. பின்னால் வந்த சிக்கலுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

ரயிலில் இருந்து சின்னத்திரைக்கு

அவர் எம்.ஆர். ராதாவின் மகள். 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆர். சுடப்பட்ட வழக்கில் தந்தை சிறைக்குப் போனபோது ராதிகா சின்னஞ்சிறு குழந்தை. தாய் கீதா இலங்கையைச் சேர்ந்தவர். இந்தியாவிலும் இலங்கையிலும் இங்கிலாந்திலுமாகப் படித்துக்கொண்டிருந்த பெண்ணை, நடிப்புப் பயிற்சி எதுவும் இல்லாத நிலையில், பாரதிராஜா தன் இரண்டாவது படத்துக்கு நாயகியாக்கினார். 1978இல் ‘கிழக்கே போகும் ரயில்’ வெளிவந்தது. பாஞ்சாலி என்ற கிராமத்துப் பெண்ணாக வந்த அந்த முகத்தில் நகரத்துச் சாயலைத் தேடினாலும் கிடைக்கவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் எம்.ஆர். ராதா காலமானார். பதின்வயது முடியுமுன்பே கையில் ஒரு தொழிலும், எதிர்பார்க்கும் ஒரு குடும்பமும் அவருக்கு வந்துவிட்டன.

அதன் பிறகு தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி என்று சுற்றினார். கே. விஸ்வநாத் 1986இல் எடுத்த ‘சுவாதி முத்யம்’ படத்தில் குழந்தையோடு தனித்து நிற்கும் இளம் விதவையாக அவர் நடித்தார். அந்த ஆண்டு ஆஸ்கர் போட்டிக்கு இந்தியா அனுப்பிய படம் அது. தமிழில் ‘சிப்பிக்குள் முத்து’ என்ற பெயரில் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். தயாரிப்பிலும் அப்போதே கால் வைத்துவிட்டார். பிரதாப் போத்தன் இயக்கிய ‘மீண்டும் ஒரு காதல் கதை’ அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அதன் தயாரிப்பாளர் ராதிகா. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தத் தகவல் முக்கியமானது. கதாநாயகியாக உச்சத்தில் இருந்தபோதே, கேமராவுக்குப் பின்னால் பணம் எப்படி நகர்கிறது என்று பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்திருக்கிறது.

1993இல் ‘கிழக்குச் சீமையிலே’ படத்தில் விருமாயியாக நடித்தபோது வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். தமிழ் சினிமாவின் கணக்கில் அந்த வயதுக்குப் பிறகு ஒரு நடிகைக்கு அக்கா வேடம், அண்ணி வேடம், சீக்கிரமே அம்மா வேடம். அவரோடு நாயகர்களாக நடித்தவர்கள் அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு நாயகர்களாகவே இருந்தார்கள். 1994இல் ராடான் தொடங்கப்பட்டது இந்தச் சூழலில்தான்.

அரைமணி நேரத்தின் கணக்கு

சன் தொலைக்காட்சி 1993 சித்திரை முதல் நாளில் ஒளிபரப்பைத் தொடங்கியது. தினசரித் தொடர்கள் ‘சித்தி’க்கு முன்பும் உண்டு. ஆனால் வெள்ளித்திரையில் முன்வரிசையில் இருந்த ஒரு நாயகி, வாரத்தில் ஐந்து நாள் வீட்டுக் கூடத்துக்கு வருவது என்பது அன்று கௌரவக் குறைச்சலாகப் பார்க்கப்பட்டது. ‘மார்க்கெட் போனவர்கள்தான் சீரியலுக்கு வருவார்கள்’ என்று கோடம்பாக்கத்தில் வெளிப்படையாகவே பேசிக்கொண்ட காலம் அது.

1999 டிசம்பரில் சி.ஜே. பாஸ்கர் இயக்கத்தில் ‘சித்தி’ தொடங்கியது. சிவகுமாரும் அதில் நடித்தார். காவேரி என்ற சிறுமிக்குச் சித்தியான சாரதாவாக ராதிகா வந்தார். வைரமுத்து எழுதி, தினா இசையமைத்து, நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய ‘கண்ணின் மணி’ பாட்டு தொடங்கினால், எங்கள் தெருவில் திண்ணையில் இருந்தவர்கள் உள்ளே போய்விடுவார்கள். 2001 நவம்பர் வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அது ஓடியது. தெலுங்கு வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

பார்வையாளர்கள் பார்த்தது சாரதாவின் கண்ணீரை. அதன் அடியில் ஓடிய வணிக ஏற்பாட்டை வெளியார் அதிகம் கவனிக்கவில்லை. அக்காலத்தில் சன் தொலைக்காட்சியில் ‘ஸ்லாட்’ முறை நடைமுறையில் இருந்தது. தயாரிப்பாளர் ஒளிபரப்பு நேரத்துக்காகச் சேனலுக்குக் கட்டணம் செலுத்துவார். அந்த அரைமணி நேரத்துக்குள் வரும் விளம்பர நேரத்தில் தமக்குரிய பங்கை அவரே நிறுவனங்களுக்கு விற்றுக்கொள்வார். கதைக்குக் கிடைப்பது இருபத்திரண்டு நிமிடம் போல. மிச்சமெல்லாம் சோப்பு, சமையல் எண்ணெய், பட்டுச் சேலை, நகைக்கடை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லும் டி.ஆர்.பி. அளவு ஏறினால் லாபம் தயாரிப்பாளருக்கு. இறங்கினால் இழப்பும் அவருக்கே. மாலையில் சம்பளம் கைக்கு வந்தால் போதும் என்ற நிலையில் மற்ற நடிகைகள் இருந்தபோது, ராதிகா விளம்பரதாரரிடம் பேசும் நாற்காலியில் உட்கார்ந்தார். ராடான் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாகவும் ஆனது. ஒரு நடிகையின் முகத்தை நம்பிப் பொதுமக்கள் பங்கு வாங்கினார்கள் என்பது சாதாரண விஷயமல்ல.

‘சித்தி’க்குப் பின் ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’, ‘வாணி ராணி’ என்று 2018 முடியும் வரை பெரிய இடைவெளி இல்லாமல் தொடர்கள் வந்தன. இரவு ஒன்பதரை என்றால் ராதிகா என்று ஆகிப்போனது. சினிமாவில் ஒரு நடிகை பத்து ஆண்டுகள் நாயகியாக நின்றாலே சாதனை என்பார்கள். இவர் நாற்பது வயதையும் ஐம்பது வயதையும் நாயகியாகவே கடந்தார். வேறு எந்த ஏற்பாட்டிலும் இது நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். அந்த வயதுப் பெண்ணை மையமாக வைத்துக் கதை கேட்க எந்தப் பட முதலாளி காத்திருந்தார்? அவருக்கு அந்த வேடங்களைக் கொடுத்தவர் அவரேதான்.

வீடு

‘சித்தி’ ஓடிக்கொண்டிருந்த 2001 பிப்ரவரியில் அவர் சரத்குமாரை மணந்தார். அதற்கு முந்தைய திருமண வாழ்வில் பிறந்த மகள் ரயான் அப்போது பள்ளிச் சிறுமி. சரத்குமாருக்கு முதல் திருமணத்தில் இரண்டு மகள்கள். தன் வயிற்றில் பிறக்காத குழந்தைக்கு அன்பு காட்டும் பெண்ணாக இரவில் திரையில் தோன்றியவர், வீட்டிலும் அப்படி ஒரு கூட்டுக் குடும்பத்துக்குள் அடியெடுத்து வைத்தார். திரையில் இருபத்திரண்டு நிமிடத்தில் ஒரு சிக்கல் அவிழும். வீட்டில் அதற்கு ஆண்டுகள் ஆகும். ரயான் வளர்ந்தபின், தம்மை வளர்த்த தந்தை சரத்குமார்தான் என்று வெளிப்படையாகப் பேசி, குடும்பத்தைக் கிண்டல் செய்தவர்களுக்குப் பதில் கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும்.

2004இல் மகன் ராகுல் பிறந்தான். ‘அண்ணாமலை’ ஒளிபரப்பில் இருந்த காலம் அது. இங்கே தினசரித் தொடரின் ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும். சினிமா நாயகி என்றால் இன்று ஐதராபாத், நாளை ஊட்டி, மறுவாரம் வெளிநாடு. தொடர் அப்படியல்ல. சென்னையைச் சுற்றியுள்ள ஷூட்டிங் வீடுகளில், ஒரே கூடம், ஒரே பூஜையறை, ஒரே மாடிப்படியில் வேலை முடிந்துவிடும். நேரம் நீளும், உடம்பு களைத்துப்போகும், ஆனால் இரவில் சொந்த வீட்டில் தூங்கலாம். தயாரிப்பாளரும் நாயகியும் ஒருவரே என்றால், எந்த நாளில் எந்தக் காட்சி என்பதிலும் ஒரு பிடி இருக்கும். சில எபிசோடுகளை முன்கூட்டியே எடுத்துப் ‘பேங்க்’ வைத்துக்கொண்டால் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த அன்று படப்பிடிப்பைத் தள்ளிப்போட வழி உண்டு. தினக்கூலிக் கணக்கில் நடிக்கும் ஒரு துணை நடிகைக்கு அந்த வழி இல்லை. பெண்களுக்கு வேலையும் வீடும் சேர்ந்து அமையுமா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். யாருடைய கையில் நேரம் இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

வாணியும் ராணியும்

அவருடைய சின்னத்திரை நடிப்பில் எனக்கு மிகப் பிடித்தது 2013 ஜனவரியில் தொடங்கி 2018 டிசம்பரில் முடிந்த ‘வாணி ராணி’. இரட்டைச் சகோதரிகள் அண்ணன் தம்பியை மணந்து ஒரே குடும்பத்துக்குள் வருகிறார்கள். வாணி வழக்கறிஞர், ராணி இல்லத்தரசி. 1,700 எபிசோடுகளுக்கும் மேல் ஓடிய தொடர்.

தொடர் படப்பிடிப்பில் வசனத்தை முந்தின நாள் மனப்பாடம் செய்யும் வசதியெல்லாம் பெரும்பாலும் கிடையாது. உதவி இயக்குநர் கேமராவுக்கு அருகில் நின்று வரி வரியாகச் சொல்லிக் கொடுப்பார். அதைக் காதில் வாங்கிக்கொண்டே முகத்தில் கோபமும் அழுகையும் வர வேண்டும். இரட்டை வேடம் என்றால் வேலை இரண்டு மடங்கு. எதிரே முதுகு காட்டி நிற்கும் ஒருவரைச் சகோதரியாக நினைத்துப் பேசி முடித்துவிட்டு, சேலையும் கொண்டையும் மாற்றிக்கொண்டு வந்து, சற்றுமுன் தான் பேசியதற்குத் தானே பதில் சொல்ல வேண்டும். ராதிகாவிடம் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். வாணி பேசத் தொடங்குமுன் எதிராளியை ஒரு நொடி நேராகப் பார்ப்பார். முகவாய் சற்று நிமிர்ந்திருக்கும். ராணி பேசும்போது கை சும்மா இருக்காது. முந்தானை நுனியையோ, பாத்திரத்தின் விளிம்பையோ பிடித்துக்கொண்டுதான் பேச்சு வரும். உடையை மாற்றாமல் எடுத்திருந்தாலும் எது யார் என்று கண்டுபிடித்துவிடலாம். ஆறு ஆண்டுகள் ஏறத்தாழ அன்றாடம் இதைச் செய்திருக்கிறார்.

இந்தத் தொடர்களைப் பற்றிய குறைகளும் நியாயமானவை. பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்ற கதைப்போக்கு, ஒரு கன்னத்தில் விழுந்த அறையை மூன்று கோணத்தில் மூன்று முறை காட்டுவது, கல்யாணம் நின்றுபோவதையே வாரக்கணக்கில் இழுப்பது, எல்லாமே ராடான் தொடர்களிலும் இருந்தன. கதையைத் தீர்மானிக்கும் இடத்தில் ஒரு பெண் இருந்தும் அதைக் குறைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். ஆனால் வேலைக்குப் போகும் பெண், வழக்கு நடத்தும் பெண், குடும்பச் சொத்தைப் பற்றிச் சபையில் வாய் திறக்கும் பெண் ஆகியோரை அன்றாடம் கூடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் இதே தொடர்கள்தாம்.

பிடி தளர்ந்த காலம்

‘வாணி ராணி’ முடிந்த கையோடு ‘சந்திரகுமாரி’ வந்தது. சரித்திரப் பின்னணி, பெரிய செலவு. நீண்ட நாள் நிலைக்கவில்லை. அதற்குள் சூழல் மாறியிருந்தது. விஜய், ஜீ தமிழ், 2018இல் வந்த கலர்ஸ் தமிழ் என்று போட்டி பெருகியது. சன் தொலைக்காட்சியும் ஸ்லாட்டை விற்கும் முறையிலிருந்து, தானே பணம் கொடுத்துத் தொடர் தயாரிக்கச் சொல்லி உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் முறைக்கு நகர்ந்தது. தயாரிப்பாளருக்கு இதில் ஆபத்து குறைவு. அதிகாரமும் குறைவு. ஒன்பதரை மணியின் சொந்தக்காரராக இருந்தவருக்கு இது எப்படிப்பட்ட மாற்றம் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் அவர் செய்த ஒரு வேலையைப் பலர் மறந்துவிட்டார்கள். 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் தொடங்கிய ‘கோடீஸ்வரி’ வினாடி வினா நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். போட்டியாளர்கள் அனைவரும் பெண்கள். மதுரையைச் சேர்ந்த, காது கேளாத, வாய் பேச இயலாத பெண் ஒருவர் அதில் ஒரு கோடி ரூபாய் வென்றார். எழுதிக் கொடுத்த வசனம் இல்லாமல், எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து, அவருக்குப் புரியும்படி நிறுத்தி நிதானமாகப் பேசி, பதற்றத்தைத் தணித்து அழைத்துச் செல்ல வேண்டிய வேலை அது. சாரதாவாகவும் ராணியாகவும் நடித்துப் பழகிய பரிவு அங்கே நேராகப் பயன்பட்டது என்பேன்.

2020 ஜனவரி இறுதியில் ‘சித்தி 2’ தொடங்கியது. இரண்டு மாதம் முடியுமுன்பே ஊரடங்கு. படப்பிடிப்புகள் நின்றன. குறைந்த ஆட்களோடு நடத்தலாம் என்று அனுமதி வந்ததும், மறுபடி சென்னையில் ஊரடங்கு. திரும்பத் தொடங்கியபோது நடிகர்களில் சிலர் மாறியிருந்தார்கள். கூட்டமும் தொடுதலும் இல்லாமல் குடும்பக் கதை எடுக்க வேண்டிய நிலை. இந்தப் பின்னணியில்தான் 2021 பிப்ரவரி விலகலைப் பார்க்க வேண்டும். அப்போது சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. கணவரின் சமத்துவ மக்கள் கட்சிப் பணியில் அவர் முனைப்பாக இருந்தார். அரசியலுக்காகத்தான் போகிறார் என்றே செய்திகள் எழுதின. அது உண்மையின் ஒரு பகுதி. ஸ்லாட்டும் கதையும் முழுக்கத் தன் கையில் இருந்த காலமாக இருந்திருந்தால், இரண்டையும் சேர்த்தே நடத்தியிருப்பார் என்று நினைக்கிறேன்.

களம் மாறிய பிறகு

2024 மார்ச்சில் சரத்குமார் தம் கட்சியைப் பாரதிய ஜனதாவோடு இணைத்தார். சில நாட்களில் விருதுநகர் மக்களவைத் தொகுதியின் வேட்பாளராக ராதிகா அறிவிக்கப்பட்டார். அங்கே காங்கிரசின் மாணிக்கம் தாகூருக்கும் தே.மு.தி.க.வின் விஜய பிரபாகரனுக்கும் இடையே கடும் போட்டி. நாலாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் தாகூர் வென்றார். ராதிகாவுக்கு ஏறத்தாழ 1.66 லட்சம் வாக்குகளும் மூன்றாம் இடமும் கிடைத்தன. இருபது ஆண்டுகள் அன்றாடம் வீட்டுக்குள் வந்த முகத்தை யாரும் மறக்கவில்லை. பார்க்கக் கூட்டம் கூடியது. ஆனால் சாரதாவுக்காக அழுவதும் சின்னத்தைத் தேடிப் பொத்தானை அழுத்துவதும் வேறு வேறு முடிவுகள் என்று விருதுநகர் பெண்கள் தெளிவாகவே இருந்தார்கள். அவர்கள் மீது எனக்கு மரியாதை கூடியது.

அதே ஆண்டு ஆகஸ்டில் மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா குழுவின் அறிக்கை கேரளத்தில் வெளியானபோது அவர் பேசியது தேர்தலைவிடப் பெரிய செய்தி. ஒரு மலையாளப் படப்பிடிப்பில், கேரவனுக்குள் மறைவாக எடுக்கப்பட்ட நடிகைகளின் காட்சிகளைச் சில ஆண்கள் கைப்பேசியில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததைத் தாமே கண்டதாகச் சொன்னார். யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. கேரளச் சிறப்புப் புலனாய்வுக் குழு அவரிடம் விவரம் கேட்டது. பெயர் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு தரப்பு. இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று இன்னொரு தரப்பு. இரண்டு கேள்விகளையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் தொழிலில் நின்று, சொந்த நிறுவனமும் செல்வாக்கும் உள்ள ஒருவரே பெயர் சொல்லத் தயங்கும் இடத்தில், நேற்று வந்த பெண் என்ன செய்வாள்?

திரையில் அம்மா வேடங்களுக்கு அவர் வந்துவிட்டார், அதைத் தயக்கமில்லாமல் செய்கிறார். 2016இல் ‘தர்மதுரை’, 2022இல் ‘லவ் டுடே’ என்று அந்த அம்மாக்களுக்கு வாய் உண்டு, கோபம் உண்டு. சின்னத்திரைக்கும் திரும்பினார். 2024இல் டிடி தமிழுக்காக ‘தாயம்மா குடும்பத்தார்’ என்ற தொடரோடு வந்தார். தனியார் சேனல்கள் வருவதற்கு முன் தமிழ்நாடே பார்த்த தூர்தர்ஷனின் இன்றைய வடிவம் அது. விளம்பரப் போட்டியும் வாராந்திர டி.ஆர்.பி. பதற்றமும் அங்கே குறைவு, பார்ப்பவர்களும் குறைவு.

இன்று ஒளிபரப்பாகும் தமிழ்த் தொடர்களில் நாயகிகளாக நடிக்கும் பெண்களில் கணிசமானோர் வேறு மாநிலங்களிலிருந்து வருகிறார்கள். குரல் இன்னொருவருடையது. கதையும் உரிமையும் சேனலுடையவை. திருமணமோ கர்ப்பமோ வந்தால் ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற வரி தயாராக இருக்கிறது. ராதிகா 1999இல் உட்கார்ந்த அந்த நாற்காலி, விளம்பரதாரருக்கு எதிரே ஒரு நடிகை உட்காரும் நாற்காலி, இவர்களில் ஒருவருக்கும் போடப்படவில்லை.